பதினான்கு ஆட்டங்களும் மீதி மாதங்களும்

2025 ஜூலை 5ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி தாய்லாந்தை 2-1 என்று வென்றது. 29ஆம் நிமிடத்தில் சங்கீதா பாஸ்ஃபோர் முதல் கோலை அடித்தார். இடைவேளை முடிந்து வந்ததுமே தாய்லாந்து சமன்செய்துவிட்டது. சொந்த ஊர்க் கூட்டம் ஆர்ப்பரிக்க, அவர்கள் மேலேறி மேலேறி வந்தார்கள். 74ஆம் நிமிடத்தில் சங்கீதாவே இரண்டாவது கோலையும் போட்டார். மிச்ச நேரத்தைத் தாக்குப்பிடித்து, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அந்தப் போட்டிக்குள் இந்தியா நுழைந்தது அதுவே முதல் முறை. தாய்லாந்து இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய நாடு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் இந்தியன் விமன்ஸ் லீக்கில் ஆடி வந்தவர்கள். எனவே, இந்த வெற்றியில் லீக்கின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழுவது இயல்பு. இன்னொரு விதமாகவும் கேட்கலாம். ஒரு தேசிய லீக் வளர்ந்திருக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது? அணிகளின் எண்ணிக்கையையா, பரிசுத் தொகையையா, ஒளிபரப்பையா? ஒரு பெண் ஓர் ஆண்டில் எத்தனை போட்டி ஆட்டங்கள் ஆடுகிறாள், அதற்காக எத்தனை மாதங்கள் சம்பளம் வாங்குகிறாள் என்ற இரண்டு கணக்குகளையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் இவற்றுக்குப் பின்னால் வருபவை.

இந்தியாவில் பெண்கள் கால்பந்து நேற்று முளைத்த ஒன்றல்ல. 1975இல் பெண்களுக்கென்று தனிக் கூட்டமைப்பு உருவாகி, லக்னோவில் முதல் தேசியப் போட்டியும் நடந்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இறுதியாட்டம்வரை போய்த் தைவானிடம் தோற்றது. 1983இல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாமிடம். அதே 1983இல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்தத் தலைமுறை ஏறக்குறைய தன் கைக்காசில்தான் ஆடியது. ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் போய், பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்து, மறுநாள் மைதானத்தில் இறங்கிய காலம்.

1990களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்கள் கால்பந்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லாம் மேலேறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி ஒன்று மட்டும் ஆண்டுக்கொரு முறை நடக்கும். அதில் பெரும்பாலும் மணிப்பூர் வெல்லும். இருபதுக்கும் மேற்பட்ட பட்டங்களை அந்தச் சின்னஞ்சிறு மாநிலம் வைத்திருக்கிறது. இம்பாலின் பகுதிக் கழகங்களும் ஊர் மைதானங்களும் பெண்கள் ஆடுவதை இயல்பாக ஏற்றுக்கொண்ட சமூகமும் சேர்ந்து தந்த பலன் அது. மற்ற மாநிலங்களில் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் முகாம் போட்டு அணியைத் திரட்டுவார்கள். போட்டி முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகக் கலைவார்கள். தேசிய அணியின் நிலைமையும் இதேதான். 2009இல், பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஓர் ஆட்டமும் ஆடாததால் ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயர் நீங்கியது. தோற்றுப் பின்தங்கிய கதைகூட இல்லை அது. ஆட வாய்ப்பே தரப்படாத கதை.

ஆண்களுக்கான தேசிய லீக் 1996இல் தொடங்கியது. பெண்களுக்கு அதன்பின் இருபது ஆண்டுகள் ஆயின. 2016 அக்டோபரில் கட்டக்கில் முதல்நிலைச் சுற்று, 2017 ஜனவரி இறுதியில் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் இறுதிச் சுற்று என்று இந்தியன் விமன்ஸ் லீக் பிறந்தது. இறுதிச் சுற்றில் ஆறு அணிகள். எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை, பிறகு அரையிறுதி, பிறகு இறுதி. பிப்ரவரி 14 அன்று இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், கட்டக்கின் ரைசிங் ஸ்டூடண்ட் கிளப்பை 3-0 என்று வென்றது. கோப்பையை வென்ற அணியே இறுதிச் சுற்றில் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டங்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பெயர் லீக், உள்ளடக்கம் ஒரு டோர்னமெண்ட்.

அந்த ஆறு அணிகளின் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஐசாவல், பூனே சிட்டி ஆகிய இரண்டும் ஆண்கள் கால்பந்தில் பெயர் தெரிந்த கிளப்கள். மற்றவை? இம்பாலின் ஊர்க்கழகம் ஒன்று. கட்டக்கில் மாணவியரை வைத்து நடந்த கிளப் ஒன்று. ஹரியானாவின் பிவானி மாவட்டத்தில் அலக்புரா என்ற ஒரே கிராமத்துப் பெண்களால் ஆன அணி ஒன்று. ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரியின் அணி ஒன்று. கோடிகளைக் கொட்டிய பெரிய கிளப்கள் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்காத நேரத்தில், தேசிய லீக்கைத் தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர்கள் ஒரு கிராமமும் ஒரு கல்லூரியும் சில பயிற்சியாளர்களும்தான். லீக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த நன்றியை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் பங்கைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்த பெண் பிள்ளைகள் சிலர் கால்பந்துக்கு வந்தார்கள். கடற்கரை மாவட்டத்தின் கூலி வேலை, மீன்பிடிக் குடும்பங்களிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளை அங்கேயே இருந்த பயிற்சியாளர்கள் விடிகாலையில் எழுப்பி மைதானத்தில் இறக்கினார்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற பெயரில் அந்த அணி 2017-18 தேசிய லீக்கில், ஷில்லாங்கில் ஆடியது. அதே பருவத்தில் கட்டக்கில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான தேசியப் போட்டியில் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாகப் பட்டம் பெற்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் பட்டம். நடுவே, 2019 மே மாதம் லூதியானாவில், மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று தேசிய லீக்கின் சாம்பியன் ஆனது. ஆண்கள் கால்பந்தில் மதுரைக்கு இப்படியொரு பட்டம் கிடைத்ததில்லை. கடலூரையும் மதுரையையும் இந்தியக் கால்பந்தின் வரைபடத்தில் குறித்தவர்கள் பெண்கள்.

லூதியானாவில் மே மாதம் என்று எழுதும்போதே உடம்பு எரிகிறது. பஞ்சாபின் கோடையில், இரண்டே முக்கால் வாரத்துக்குள் ஏழு ஆட்டங்கள். 2022இல் புவனேஸ்வரில் ஏப்ரல், மே. 2023இல் அகமதாபாத்தில் ஏப்ரல், மே. ஆண்கள் லீக் முடிந்து மைதானங்கள் காலியாகும் மாதங்களைப் பெண்களுக்கு ஒதுக்குவது ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு நடுவே உடம்பு தேற நேரமில்லை. தசைப்பிடிப்போடு ஆடியவர்களும் முழங்கால் போய் ஊர் திரும்பியவர்களும் உண்டு. கால்பந்தில் பெண்களுக்கு முழங்கால் தசைநார்க் காயம் ஆண்களைவிட அதிகமாக வரும் என்று மருத்துவ உலகம் பல காலமாகச் சொல்லி வருகிறது. அட்டவணை போடும் மேசையில் அந்தத் தகவலுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்த ஆண்டுகள் வீண் என்று சொல்ல மாட்டேன். 2021-22 பருவத்தில் பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பதினோரு ஆட்டங்கள். கோகுலம் கேரளாவும் சேதுவும் பத்தில் பத்தையும் வென்று, கடைசி நாளில் நேருக்கு நேர் நின்றன. ஓர் ஆட்டம், ஒரு கோப்பை. கோகுலம் 3-1 என்று வென்றது. இந்தியாவில் எந்த லீக்கும் இதைவிட நல்ல முடிவைக் கண்டதில்லை என்பேன். அதற்கு முன் 2020 பிப்ரவரியில் பெங்களூர் கால்பந்து மைதானத்தில் மணிப்பூரின் கிரிப்சாவை 3-2 என்று வென்றதும் கோகுலம்தான். அந்த வெற்றியின் தொடர்ச்சியாக 2021இல் ஜோர்டானின் அகபாவில் நடந்த ஆசிய கிளப் போட்டிக்குப் போனார்கள். அங்கே உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோர் அணியை 3-1 என்று வென்றார்கள். மணீஷா கல்யாண் அந்தப் போட்டியில் கோலடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அடுத்த ஆண்டு சைப்ரஸின் அப்போலோன் அணி அவரை அழைத்துக்கொண்டது.

2022 ஆகஸ்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆற்றாமை தீரவில்லை. ஆசிய கிளப் போட்டிக்காக கோகுலம் அணி தாஷ்கண்ட் போய் இறங்கிய நேரத்தில், கூட்டமைப்பின் நிர்வாகத்தில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. தேர்தல் நடத்தாமல் இழுத்தடித்தது யாரோ, வழக்கு நடத்தியது யாரோ. விடுதி அறையில் பூட்ஸைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தவர்கள் இந்தப் பெண்கள். தடை பதினொரு நாளில் நீங்கியது. போட்டி அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

உண்மையான மாற்றம் 2023 டிசம்பரில் வந்தது. ஏழு அணிகள், சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், மூன்றரை மாதம். கீழே இரண்டாம் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டது. அந்த முதல் பருவத்தில் ஒடிஷா எஃப்.சி. வென்றது. அடுத்த பருவம், 2025 ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை, எட்டு அணிகள், ஆளுக்குப் பதினான்கு ஆட்டங்கள். ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். சொந்த ஊர் ஆட்டம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். அப்பா, அம்மா, தெருக்காரர்கள், பள்ளிக்கூடத் தோழிகள் வந்து பார்க்கக்கூடிய ஆட்டம் அது. தெரிந்த பெண் ஒருத்தி ஆடுவதைக் கண்ணால் காணாமல் எந்த ஊரும் ஓர் அணியைத் தன் அணி என்று சொல்லாது. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு வாரம் கிடைக்கும்போதுதான் பயிற்சியாளர் தவறைத் திருத்த முடியும். தாங்க வேண்டிய நேரத்தில் தாங்கவும் வேகமெடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கவும் உடம்பு பழகுவது அப்போதுதான். சியாங் மாயில் கடைசிப் பதினைந்து நிமிடம் இந்தியா தளராமல் நின்றதற்குப் பின்னால் இந்த இரண்டு பருவங்கள் இருந்தன என்று நம்புகிறேன்.

அதே நேரத்தில், பதினான்கு ஆட்டம் என்பது எவ்வளவு குறைவு என்பதும் தெரிய வேண்டும். 2024-25இல் ஆண்களின் தேசிய லீக்கான ஐ.எஸ்.எல்.இல் அணி ஒவ்வொன்றும் புள்ளிப் பட்டியலுக்காக மட்டும் 24 ஆட்டங்கள் ஆடியது. எட்டு அணிகள், அணிக்கு இருபத்தைந்து பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் இந்த லீக்கில் இடமுள்ள பெண்கள் இருநூறு பேர். பதிவு செய்துகொண்ட பெண் வீரர்கள் 2022 ஜூனில் ஏறத்தாழ 11,700 என்றிருந்தது, 2024 மார்ச்சில் 28,000ஐ நெருங்கிவிட்டது என்று கூட்டமைப்பு பெருமையோடு அறிவித்தது. பெருமைப்பட வேண்டியதுதான். அந்த 28,000 பேரில் இருநூறு போக மற்றவர்கள் ஆண்டு முழுதும் எங்கே ஆடுகிறார்கள் என்ற கேள்வியையும் அந்த அறிவிப்போடு சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

சம்பளத்துக்கு வருவோம். 2023இல் கூட்டமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது. லீக்கில் ஆடும் கிளப் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாய் என்ற கணக்கில் ஒப்பந்தம் தர வேண்டும். மாதத்துக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்ற சொல் முதன்முதலாக ஏட்டில் ஏறிய நாள் அது. வரவேற்கத்தான் வேண்டும். ஆனால், பத்துப் பேர் என்றால் மைதானத்தில் இறங்கும் பதினொருவருக்கே ஓர் ஆள் குறைகிறது. காயம்பட்டவருக்குப் பதில் இறங்குபவர், பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பெண், இவர்களெல்லாம் விதிக்கு வெளியே நிற்கிறார்கள். பருவம் முடியும்போதே ஒப்பந்தமும் முடிந்து, மீதி எட்டு மாதத்துக்கு ஊரில் வேறு வழி பார்க்கிறவர்கள் ஏராளம்.

அந்த எட்டு மாதங்களைத் தாங்கிப் பிடித்திருப்பது அரசு வேலை. கடலூரின் இந்துமதி கதிரேசன் தேசிய அணியின் நடுக்களத்தில் பல ஆண்டுகள் ஆடியவர். சேது, கோகுலம், ஒடிஷா என்று சாம்பியன் அணிகளில் இருந்தவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது லீக் நின்றுபோனது. மற்ற நாட்டு வீராங்கனைகள் வீட்டுக்குள் பயிற்சி செய்த நாள்களில் அவர் சென்னைத் தெருவில் முகக்கவசம் போட்டு வாகனங்களை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். சங்கீதாவும் எல்லைக் காவல் படை ஒன்றில் பணிபுரிபவர்தான். காவல்துறை, ரயில்வே, துணை ராணுவம் ஆகிய இவை இல்லாதிருந்தால் நமக்கு ஒரு தேசிய அணியே இருந்திருக்காது. அந்த வேலையை வாங்கத்தான் பல வீடுகளில் பெண்ணை ஆட அனுப்புகிறார்கள். வேலை கிடைத்த கையோடு ஆட்டத்தை நிறுத்திவிடுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். லீக் தர வேண்டிய பாதுகாப்பை அரசு வேலை தருகிறது. லீக் அதைத் தரும் நாள்வரை இந்த நிலை தொடரும்.

பெரிய கிளப்களை நம்பலாமா? ஓரளவுக்குத்தான். 2023-24இல் சாம்பியனான ஒடிஷா எஃப்.சி. அடுத்த ஆண்டே ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் பிரதான சுற்றுவரை போனது. அதே பருவத்தில் உள்நாட்டு லீக்கில் தரம் இறங்கியது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2022இல் பெண்கள் அணி தொடங்கியது. 2023இல் ஆண்கள் அணி ஓர் ஆட்டத்தின் நடுவே வெளியேறியதற்குக் கூட்டமைப்பு நான்கு கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதைத் தொடர்ந்து பெண்கள் அணி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆண்கள் செய்த பிழைக்குப் பெண்கள் கட்டிய அபராதம் என்று அன்று பலரும் கொதித்தார்கள். நானும்தான். கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் பெண்கள் அணி எந்த வரியில் இருக்கிறது என்பதை அந்த ஒரு முடிவு காட்டிவிட்டது. மாறாக, ஈஸ்ட் பெங்கால் மனம் வைத்துச் செலவு செய்தது. நல்ல பயிற்சியாளரைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் பட்டமும் வென்றது. அக்கறை இருந்தால் முடியும் என்பதற்கும், அந்த அக்கறை ஓர் உரிமையாளரின் மனநிலையைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்கும் இவை சான்றுகள்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 1999 உலகக் கோப்பையின் அலையில் 2001இல் ஒரு பெண்கள் லீக் தொடங்கி, ஐந்தாண்டுப் பணத்தை முதலாண்டிலேயே கரைத்து, 2003இல் மூடிக்கொண்டது. 2009இல் இரண்டாவது முயற்சி, அதுவும் மூன்று பருவம்தான். 2013இல் மூன்றாவதாகத் தொடங்கிய லீக் நிலைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தைக் கூட்டமைப்பே தன் கையிலிருந்து கொடுத்தது. ஜப்பான் 1989இல் ஆறு அணிகளோடு தொடங்கியது. பொருளாதாரம் சரிந்தபோது 1990களின் கடைசியில் கம்பெனி அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆனாலும் கீழ்நிலைக் கழகங்களும் பள்ளிக்கூடங்களும் ஆட்டத்தை விடவில்லை. 2011இல் உலகக் கோப்பை அவர்கள் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் கணக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1921இலிருந்து ஐம்பது ஆண்டுகள் பெண்களுக்கு மைதானம் தராமல் தடைபோட்ட நாடு அது. 2011இல் அவர்களுடைய சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகள், ஆளுக்குப் பதினான்கு ஆட்டங்கள். 2025இல் நாம் இருந்த அதே இடம். அங்கிருந்து ஏழே ஆண்டில், 2018இல், முழுநேர ஒப்பந்தம் தராத கிளப்புக்கு முதல் பிரிவில் இடமில்லை என்று விதியை இறுக்கினார்கள். அந்த ஏழாண்டுக் கணக்கை நம் கூட்டமைப்பு சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி, நான் குடியிருக்கும் மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து இந்த லீக்கைப் பார்க்கிறேன். உருதும் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்கும் பகுதி இது. பள்ளிவாசல்களும் பக்கத்திலேயே செயின்ட் ஃபிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களும். மாலையில் சந்துகளில் பையன்களோடு சேர்ந்து பெண் பிள்ளைகளும் பந்து உதைப்பார்கள். இரண்டு செங்கல் வைத்தால் கோல், ஆட்டோ வந்தால் இடைவேளை. இடது காலால் சுவரில் பட்டுத் திரும்பும்படி பந்தை அடித்து, எதிரே வருகிறவனைத் தாண்டிப் போய் அதே பந்தை வாங்கும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். யாரும் சொல்லித்தராத வித்தை. ஒன்பதாம் வகுப்பு வரும்போது அப்படிப்பட்ட பிள்ளைகள் சந்திலிருந்து காணாமல் போகிறார்கள்.

இந்தப் பகுதி என்றதும் மதம்தான் காரணம் என்று வெளியில் இருப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். தலையை மறைக்கும் துணியோடு ஆடக் கூடாது என்று ஒரு காலத்தில் தடுத்தது ஃபிஃபாவின் விதிதான். 2011இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதி ஆட்டத்துக்கு வந்து, அந்தத் துணிக்காகவே ஆடாமல் திருப்பி அனுப்பப்பட்டது. 2014இல் விதி முறையாகத் திருத்தப்பட்டது. இன்று அந்தத் தடை இல்லை. பிள்ளைகளின் தாய்மாரிடம் பேசிப் பார்த்தால் வேறு கேள்விகள்தான் வருகின்றன. "பெங்களூர் போய் ஆடிட்டு ராத்திரி எத்தனை மணிக்குண்ணா திரும்புவா? கூட யார் வருவாங்க? பூட்ஸ் யார் வாங்கித் தருவாங்க?" மாநில மகளிர் லீக்கின் ஆட்டங்கள் பெரும்பாலும் நடப்பது 145 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில். கர்நாடகத்தின் கிக்ஸ்டார்ட் கிளப் தேசிய லீக்கில் இறுதியாட்டம்வரை போனது. அவர்கள் தேடும் திறமைசாலி இந்தச் சந்தில் இருக்கிறாள். அவளிடமிருந்து அங்கே போக ஏணி இருக்கிறது. கீழ்ப்படிகள்தான் இல்லை.

பள்ளிப் போட்டி உண்டு, தோற்றால் அன்றே வெளியே. தசராவுக்கு விளையாட்டுப் போட்டிகள் உண்டு, சில நாள் கொண்டாட்டம். ஒன்றிய அரசின் பணத்தில் 2023இலிருந்து நடக்கும் அஸ்மிதா லீக்குகள் நல்ல முயற்சி. பதின்மூன்று, பதினைந்து, பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு நகர அளவில் ஆட்டம் தருகின்றன. என் ஆசையெல்லாம் அவை சில வார நிகழ்ச்சியாக முடியாமல் பள்ளிக்கூட ஆண்டோடு சேர்ந்து ஓட வேண்டும் என்பதே. ஆறு பள்ளிக்கூடங்கள், ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஓர் ஆட்டம், இரண்டு சுற்று வைத்தால் ஆளுக்குப் பத்து ஆட்டம். காலையில் முடிந்துவிடும், நடந்து போய் வரும் தூரம், அம்மா வந்து பார்க்கலாம். மண்டி மொஹல்லாவிலிருந்து பன்னிமண்டபம் மைதானம் அவ்வளவு பக்கம். மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அந்தத் தாய்மார் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியும் உண்டு. 2022இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு முன்னால் ஐரோப்பா சென்றிருந்த அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் அத்துமீறல் புகாரில் நீக்கப்பட்டார். 2024 மார்ச்சில் கோவாவில் இரண்டாம் பிரிவு லீக்கில் ஆட வந்த ஹிமாச்சலப் பிரதேச அணியின் வீராங்கனைகள், கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர் ஒருவர் தங்களை அறைக்குள் புகுந்து தாக்கினார் என்று புகார் கொடுத்தார்கள். அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். இரண்டு முறையும் வாய் திறந்தது பிள்ளைகளும் இளம் பெண்களும்தான் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு அணியோடும் ஒரு பெண் மேலாளர், கிளப்புக்கும் சங்கத்துக்கும் கட்டுப்படாத ஒரு புகார் குழு, அதன் தொலைபேசி எண் ஒவ்வொரு வீராங்கனையின் கையிலும். உரிமம் தரும்போது மைதானத்தின் விளக்கு வெளிச்சத்தை அளக்கிறார்கள். இதையும் அளக்கலாம்.

வெளிநாட்டு வீராங்கனைகளைப் பற்றி ஒரு சொல். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி 2022-23 பருவத்தில் 29 கோல்கள் போட்டார். அதற்கு முந்தைய பருவத்தில் கானாவின் எல்ஷடாய் அச்சியாம்போங் அதிக கோல் அடித்தவர். 2024-25இல் உகாண்டாவின் ஃபசிலா இக்வாபுட். முன்களத்தை வெளியாருக்குக் கொடுத்துவிட்டால் நம் பெண்கள் கோலடிக்க எப்போது கற்பார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த அச்சமில்லை. சபித்ராவைத் தடுத்துத் தடுத்தே நம் தற்காப்பு வீராங்கனைகள் தேறினார்கள். நம் லீக்கில் ஆடிய அவர் பின்னர் பிரான்ஸின் கங்காம்ப் அணிக்குப் போனது நமக்கும் பெருமை. நம் முன்கள வீராங்கனைகளுக்குத் தேவை ஆட்ட எண்ணிக்கை. பதினான்கு ஆட்டத்தில் ஒரு பெண் கோலடிக்கும் பழக்கத்தை உடம்பில் ஏற்றிக்கொள்ள முடியாது. முப்பதில் முடியும்.

அந்த முப்பதை எட்டும் வழி தெரியாத ஒன்றல்ல. தேசிய லீக்கை உடனே பதினாறு அணியாக விரித்துப் பணத்தைச் சிதறடிக்க வேண்டாம். பத்து அணிகள் போதும், ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம். அதோடு ஒரு கோப்பைப் போட்டி. லீக்கில் ஆடும் கிளப் தன் மாநில லீக்கிலும் முழு அணியோடு ஆடியாக வேண்டும் என்ற விதி. கோடையைத் தவிர்த்து, ஆகஸ்டில் தொடங்கி மார்ச்சில் முடியும் அட்டவணை. 3.2 லட்ச ரூபாய் விதியைப் பத்துப் பேரிலிருந்து இருபது பேருக்கு விரித்து, கூடுதலாகச் சேரும் பத்துப் பேருக்கான தொகையைக் கூட்டமைப்பே முதல் ஐந்தாண்டு தரட்டும். எட்டு அணிகளுக்கு அது ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாய், பத்து அணிகளுக்கு மூன்று கோடியே இருபது லட்சம். ஆண்கள் கால்பந்தில் நல்ல வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஓரிருவரின் சம்பளம் அது. ஆண்கள் லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் முடிந்து, 2025இல் இந்தியக் கால்பந்தே பணத்துக்குத் திண்டாடிய நேரத்தில் இதைக் கேட்பது சரிதானா என்று சிலர் தயங்கலாம். புதிய ஒப்பந்தம் எழுதும் நேரத்தில்தான் கேட்க வேண்டும். அதில் பெண்கள் லீக்குக்கான பங்கு தனி வரியாக, தொகையோடு, எழுதப்பட வேண்டும். ஆண்கள் அணி அபராதம் கட்டினாலும் தரம் இறங்கினாலும் அந்த வரியில் யாரும் கை வைக்கக் கூடாது.